சுருட்டும் சிகாரும்: ஒரு மேட்டிமையின் சொல்வரலாறு

சென்ற ஆண்டு வட இந்திய நகரம் ஒன்றில் நடந்த கருத்தரங்கின் இரவு விருந்து. தமிழர்தாம், மூத்த பேராசிரியர் ஒருவர், மரப்பேழையிலிருந்து ஒரு ஹவானாவை எடுத்தார். சிறு வெட்டுக்கருவியால் அதன் தலையை நறுக்கினார். லைட்டரின் எண்ணெய் வாடை சுவையைக் கெடுத்துவிடும் என்று விளக்கியபடியே மரச்சீவலொன்றால் பற்றவைத்தார். "ஐயா சுருட்டுப் பிடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "தம்பி, இது சுருட்டு இல்ல. சிகார்" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

அவர் செய்தது பொருள் பற்றிய திருத்தமா, ஆள் பற்றிய திருத்தமா என்னும் ஐயம் அன்றிரவு முதல் என்னை விடவில்லை. இப்பதிவு அதன் விளைவு. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் சொல். சுருள் என்பது தன்வினை. சுருட்டு என்பது பிறவினை. அவ்வினையடியே வேறு விகுதி ஏதும் ஏற்காமல் பெயராகி, சுருட்டப்பட்ட புகையிலையைக் குறித்தது. (‘சுருட்டிக்கொண்டு ஓடினான்’ என்னும்போது நாம் திருட்டையும் குறிக்கிறோம். அதற்கும் புகையிலைக்கும் தொடர்பில்லை. என்றாலும் இத்தொழிலின் கள்ளச்சரக்கு வரலாற்றைப் படித்தால் பொருத்தமாகவே தோன்றும்.) இச்சொல்லைப் போர்த்துக்கீசியர் ‘சாருதோ’ என்று எடுத்துக்கொண்டனர். எழுத்தில் அது ‘ch’ கொண்டு தொடங்குகிறது. அக்காலப் போர்த்துக்கீசியத்தில் அவ்வெழுத்துக்கு, மலையாளத்தின் ‘சுருட்டு’ இன்றும் காப்பாற்றி வைத்திருக்கும் தடையுரசொலியே மதிப்பு. கடன் கொடுத்தவர் வாயில் சகரம் எப்படி ஒலித்தது என்பதற்கும் இது ஒரு சான்று. வங்காளியிலும் இந்தியிலும் ‘சுருட்’, மலாயில் ‘செருத்து’, ஆங்கிலத்தில் ‘செரூட்’.

ஆங்கிலத்தில் இச்சொல் பதிவான மிகப் பழைய இடங்களுள் ஒன்று தாமஸ் பௌரியின் குறிப்பேடு. 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளில் தாம் கண்டவற்றை எழுதிய வணிகர் அவர். இலையைச் சுருட்டி, ஒரு முனையில் தீயிட்டு, மறுமுனையை உதட்டில் வைத்து, உதடு சுடும்வரை புகைத்துவிட்டு எறிகிறார்கள் என்கிறார். அப்படிச் செய்வோர் இங்குள்ள ஏழைகள், ‘ஜெந்துக்களும் மலபாரிகளும்’. தமிழரையும் அன்றைய ஆங்கிலேயர் மலபாரிகள் என்றே அழைத்தனர். அம்முறை மிகத் தாழ்ந்தது, ஆயினும் அதுவே மூலமுறையாக இருக்கலாம் என்றும் அவர் கருதுகிறார். இரண்டாவது ஊகம் சரியானது. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கரீபியத் தீவுகளில் கண்டதும் சுருட்டிய இலையைத்தான். ஐரோப்பிய வணிகருக்குப் பழகிய கருவியோ களிமண் குழாய். குழாய் வாங்கக் காசில்லாதவன் இலையைச் சுருட்டினான். ஆக, ஆங்கிலத்துக்குள் இந்தப் பொருள் நுழைந்தபோதே ஏழையின் அடையாளம் அதன்மேல் குத்தப்பட்டிருந்தது.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த அடையாளம் தலைகீழாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் கனவான் மூக்குப்பொடி போட்டார்; பொடிடப்பியை ஒற்றைக்கையால் திறக்கும் லாவகமே அவருடைய குலச்சான்று. 1808 முதல் 1814 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் நெப்போலியனின் படைகளோடு போரிட்டுத் திரும்பிய அதிகாரிகள் சிகார்ப் பழக்கத்தோடு வந்தனர். ‘சிகர்ரோ’ என்னும் ஸ்பானியச் சொல் மாயன் மொழியிலிருந்து வந்ததாகப் பலரும் கருதுவர். ஒருபுறம் போர்வீரனின் மணம், மறுபுறம் ஹவானாவின் விலை. சிகார் ஆண்மைக்கும் செல்வத்துக்கும் ஒருசேரக் குறியாயிற்று. விக்டோரியா அரசிக்குப் புகை பிடிக்காது. ஆகவே மாளிகைகளில் புகைக்கெனத் தனியறை. அங்கே அணிய வெல்வெட்டில் தனிச்சட்டை. கூந்தலில் வாடை ஏறாதிருக்கத் தனித்தொப்பிகூட இருந்தது. 1860களின் இறுதியில் ‘வைட்ஸ்’ சங்கம் புகைப்பதற்குக் கட்டுப்பாடு தளர்த்த மறுத்தபோது, அரசியின் மகனான வேல்ஸ் இளவரசர் ‘மார்ல்பரோ’ என்று வேறொரு சங்கத்தையே நிறுவிக்கொண்டார். தாய் தடுத்ததை மகன் நாகரிகமாக்கினார் என்று சுருக்கிக் கூறலாம்.

‘ஸ்னாப்’ என்னும் சொல் தன் இன்றைய பொருளை நோக்கி நகர்ந்ததும் இதே காலத்தில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல்லுக்குச் செருப்புத் தைப்பவர் என்றே பொருள். பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர் வழக்கில் பல்கலைக்கழகத்தைச் சாராத ஊர்க்காரரைக் குறித்தது. தாக்கரே 1846, 1847இல் ‘பஞ்ச்’ இதழில் எழுதி 1848இல் நூலாக்கிய கட்டுரைகளில், மேலோரை ஆபாசமாகப் போலி செய்பவன் என்னும் பொருள் வேரூன்றியது. கீழோரை இழிவாகப் பார்ப்பவன் என்பது அதற்கும் பிந்திய வளர்ச்சி. கீழே இருப்பவனின் பெயர், மேலே பார்ப்பவனுக்கும் பிறகு கீழே பார்ப்பவனுக்கும் ஆகிவந்த இந்த ஏணி, பொருண்மை மாற்ற வகுப்பில் நான் விரும்பிக் காட்டும் எடுத்துக்காட்டு. (‘பிரபுத்துவம் இல்லாதவர்’ என்னும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது என்று பரவியிருக்கும் விளக்கம் பொய், இன்னும் சில பாடநூல்களில் அது உயிரோடிருக்கிறது.) தாக்கரே 1811இல் கல்கத்தாவில், கம்பெனி அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சுருட்டும் சிகாரும் ஆங்கிலத்தில் பிரிந்தது எப்போது? யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதற்கு ஒரு திறவுகோல் தருகிறது. செரூட் என்பது தமிழ்ச்சொல் என்று அது தெளிவாகவே சொல்கிறது. இங்கிலாந்தில் அது இருமுனையும் வெட்டப்பட்ட சிகாருக்கு மட்டும் உரியதாகிவிட்டது என்றும் குறிக்கிறது. ஆக, வேறுபாடு முனையில் இருக்கிறது. ஹவானாவின் தலை இலையால் மூடப்பட்டிருக்கும். வெட்டாமல் புகைக்க முடியாது. செரூட்டோ இருபுறமும் திறந்தது. நெருப்பு இருந்தால் போதும். வெட்டுக்கருவி, எவ்வளவு வெட்டுவது என்னும் விதி, தவறாக வெட்டுபவனைக் கண்டு ஒரு புன்னகை என எல்லாச் சடங்கும் அந்த மூடிய தலையின்மேல் கட்டப்பட்டவை. சிறப்புப்பொருட்பேற்றோடு தொடங்கிய மாற்றம் மெல்ல இழிபொருட்பேறாகவும் முடிந்தது. காலனியில் கிடைக்கும் மலிவான, முரட்டுப் பொருள் செரூட் ஆயிற்று. கனவானின் பொருள் சிகார் ஆயிற்று.

உண்மையில் திருச்சிச் சுருட்டு அவ்வளவு எளிய சரக்கும் அன்று. திண்டுக்கல் வட்டாரத்து இலை, உறையூர்க் கைகள். விக்டோரியாக் கால இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பொருள். மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் ஆலையே நடத்தியது. கோனன் டாயில் 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸை உலகுக்கு அறிமுகம் செய்த முதற்கதையில், கொலை நடந்த அறையின் தரையிலிருந்து அள்ளிய சாம்பலைப் பார்த்து அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்கிறார். எந்தச் சாம்பலையும் கண்டவுடன் வகை சொல்லிவிடுவேன் என்று பெருமையும் அடித்துக்கொள்கிறார். அந்தப் பெருமைதான் பின்வந்த சிகார்ச் சுவைஞர்கள் அனைவருக்கும் மூதாதை.

சர்ச்சில் திருச்சிச் சுருட்டின் பிரியர் என்னும் செய்தியை நாம் அடிக்கடி பகிர்கிறோம். உண்மையோ அன்றோ, அதைச் சொல்லும்போது நம் குரலில் ஏறும் பெருமிதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? உறையூரில் முதுகு வளைந்து இலை சுருட்டியவருடைய பெயர் நமக்குத் தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது பிரதமராக இருந்தவருடைய உதட்டில் அது இருந்தது என்பதால்தான் நம் பொருளுக்கு மதிப்பு. அந்தப் பேராசிரியர்மேல் எனக்கிருந்த கோபம் இங்கே கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

சிகார் மேட்டிமையின் இரண்டாம் அலை அமெரிக்காவில் எழுந்தது. 1962 பிப்ரவரியில் கென்னடி கியூபாமீது வணிகத் தடை விதித்தார். கையெழுத்திடுமுன் 1,200 கியூபச் சிகார்களை வாங்கிவரச் சொன்னார் என்று அவருடைய செய்திச் செயலர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். தடை சுவையைக் கூட்டியது. சட்டத்தை மீறிப் புகைப்பதே ஒரு தகுதியாயிற்று. ஆனால் சிகார் பற்றிப் ‘பேசும் முறை’ பிறந்தது 1992இல்தான். ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ இதழை நடத்திவந்த மார்வின் ஷாங்கன் அவ்வாண்டு ‘சிகார் அஃபிஷியனாடோ’ என்னும் இதழைத் தொடங்கினார். ஒயினுக்கு இட்ட நூறு மதிப்பெண் அளவுகோல் அப்படியே சிகாருக்கு வந்தது. ஒயின் மொழியும் உடன் வந்தது: தோல், தேவதாரு, கொக்கோ, ஈரமண், மிளகு. மைக்கேல் சில்வர்ஸ்டீன் 2003இல் எழுதிய சுட்டுநிலைகள் பற்றிய கட்டுரையில் ஒயின் பேச்சை விரிவாக ஆராய்ந்து, சொற்கள் பானத்தை விவரிக்கும்போதே பேசுபவரின் தரத்தையும் நிறுவுகின்றன என்று காட்டினார். சிகார் பேச்சில் அவ்வாய்பாடு ஒரே பதிப்பாளரின் கைவழி இடம்பெயர்ந்ததை நாளும் ஆண்டுமாகக் காட்ட முடிகிறது. சமூகமொழியியலில் இவ்வளவு துல்லியமான சான்று எளிதில் வாய்க்காது. பீடியில் ஈரமண்ணின் சாயல் இருப்பதாக இதுவரை எவரும் எழுதவில்லை.

இப்பேச்சின் கலைச்சொற்களுள் பல ஸ்பானியம்: விதோலா, லிகேரோ, காப்பா. ஹவானாவுக்குப் போகாதவரும் இவற்றை ஸ்பானிய ஒலிப்போடு சொல்ல முயல்வர். (நாம் பூர்தியுவின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் படும் பாட்டை நினைத்துக்கொள்ளலாம்.) விதோலா என்பது துப்பாக்கிக் குண்டுகளின் விட்டத்தை அளக்கும் அச்சுக்கும் பெயர், சிகாரின் அளவு வகையையும் அது குறிக்கும். எல்லாமே வேலைத்தளத்துச் சொற்கள். அந்த வேலைத்தளத்தில் வேறொன்றும் நடந்தது. 1865இல் ஹவானாவின் ‘எல் ஃபிகாரோ’ ஆலையில், தொழிலாளர் இலை சுருட்டிக்கொண்டிருக்க ஒருவர் உரக்க நூல் வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. மறு ஆண்டே ஆட்சியாளர் அதைத் தடை செய்தனர். ஆனாலும் அது மீண்டும் முளைத்தது. கியூபத் தொழிலாளர் குடிபெயர்ந்த புளோரிடாவின் தம்பா நகரிலும் தழைத்து, 1931இல் அங்கு முதலாளிகளால் ஒழிக்கப்பட்டது. டூமாவின் மான்டி கிறிஸ்டோ கோமகன் கதை தொழிலாளர்க்கு மிகப் பிடித்திருந்ததால்தான் 1935இல் ஒரு சிகாருக்கு ‘மான்டிகிறிஸ்டோ’ என்று பெயர் வந்ததாகச் சொல்வர். இன்று அந்தப் பெயர் அச்சிட்ட வளையத்தைக் கழற்றிவிட்டுப் புகைப்பதா, விட்டுவைத்துப் புகைப்பதா என்று ஒரு விவாதம் உண்டு. விலையைப் பறைசாற்றக் கூடாது என்பதால் கழற்றுவதே பண்பு என்பது ஆங்கிலேய மரபு. பகட்டாமல் இருப்பதைப் பிறர் பார்க்கும்படி செய்வது பகட்டின் மிக நுண்ணிய வடிவம்.

இவையெல்லாம் வெறும் சொல் விளையாட்டன்று. அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை 1966இல் வந்தது. பெரிய சிகார் நிறுவனங்கள் ஏழும் எச்சரிக்கை அச்சிட ஒப்பியது 2000இல். இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளில் சிகார் என்பது நோயோடு அன்றிச் சுவையோடு சேர்த்தே பேசப்பட்டது. 2016இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சிகார்களையும் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. 2023இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ‘பிரீமியம்’ சிகார்களுக்கு மட்டும் அவ்விதியை நீக்கியது. கையால் செய்தது, முழு இலை போர்த்தியது, வடிகட்டி இல்லாதது என்று நீள்கிறது அந்த அடைமொழிக்கான வரையறை. ஓர் அடைமொழி சட்டமாகிவிட்டது. மறுபக்கம், ஆந்திரக் கடற்கரையில் மீனவப் பெண்கள் பலர் ‘சுட்டா’வின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பர்; தெலுங்கில் ‘அட்ட பொக’ என்பர். அவர்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் அண்ணப் புற்றுநோய் ஆய்வுகளில்தான் இருக்கிறது. அதே இலை ஓரிடத்தில் சுவைக்குறிப்பாகவும் மற்றோரிடத்தில் நோய்க்குறிப்பாகவும் எழுதப்படுகிறது.

தமிழின் வினைத்தேர்வும் இந்தப் படிநிலையை அறியும். சுருட்டைக் குடிக்கிறோம், பீடியை இழுக்கிறோம், சிகரெட்டைப் பிடிக்கிறோம், சிகாரை ‘ஸ்மோக்’ பண்ணுகிறோம். கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படைப்பது சுருட்டு. சிகார் படைத்ததாக நான் கேட்டதில்லை.

பேராசிரியருக்கு அன்று சொல்லாத மறுமொழி ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் கையிலிருந்ததை லிஸ்பனில் வாங்கப் போயிருந்தால் ‘சாருதோ’ என்றுதான் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த ஹவானாவானாலும் போர்த்துக்கீசியத்தில் அது சுருட்டுதான். கொல்கத்தாவிலும் அப்படியே. நம் நாட்டு 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையோ சிகாரையும் செரூட்டையும் அடுத்தடுத்த இரு தனி இனங்களாக எண்ணுகிறது. உலக நாடுகள் பலவும் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் 2402 என்னும் தலைப்பின் ஆங்கில வடிவம் சிகார், செரூட் என்று இரண்டையும் வரிசையாகச் சொல்லும். அதே தலைப்பின் பிரெஞ்சு வடிவத்தில் செரூட் இல்லை. சிகார் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘முனை வெட்டியவை உட்பட’ என்று போட்டிருக்கிறார்கள்.