அதிபர் ஆனந்தராஜனையும் நினைப்போம்

நவம்பர் 11, காலை 11 மணி. மல்வேர்ன் பாடசாலைகளில் பொப்பி மலர் அணிந்து மௌனமாக நிற்கிறோம். 1918இல் முதலாம் உலகப் போர் ஓய்ந்த நேரம் அது. மாண்ட படைவீரரை அப்போது நினைக்கிறோம். நம் பெற்றோரின் ஊரிலோ ஆயுதம் ஏந்தாத ஆசிரியர்களும் போருக்குப் பலியானார்கள்.

யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரி 1823இல் சி.எம்.எஸ். மிஷனரிமாரால் தொடங்கப்பட்டது. 1976 முதல் அதன் அதிபராக இருந்தவர் சி. இ. ஆனந்தராஜன். பாடசாலை மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே சிநேகபூர்வ கிரிக்கெட் போட்டி ஒன்றை அவர் ஒழுங்கு செய்தார். மாணவர்கள் பயமின்றிப் படிக்கவேண்டும் என்பதே அவர் கவலை. 1985 ஜூன் 26 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் தமிழ் ஆயுததாரிகள்.

மறுதரப்பார் கொன்றவர்களுக்காக அழுவது நமக்கு எளிது. நம்மவர் கொன்றவரின் பெயரைச் சொல்லவோ நம் வீடுகளில் இன்னும் தயங்குகிறோம். சமாதானம் செய்கிறவர்களைத் தேவனுடைய பிள்ளைகள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு அழைத்தார். அப்படிப்பட்ட ஒருவரை மறைத்துவிட்டு நாம் காக்கும் மௌனம் அரைகுறையானது.

இந்த நவம்பரில் அந்த இரண்டு நிமிடத்தில் அவரையும் நினைப்போம். பிறகு வகுப்புக்குத் திரும்பும்போது, நமக்குக் கற்பிக்கிறவர்களிடம் ஒரு நன்றி சொல்வோம். அதற்கு நினைவு நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை.