சோற்று மூட்டையும் பீரங்கியும்

போர் வரலாறு எழுதியோர் வாளையும் பீரங்கியையும் விவரித்த அளவுக்குச் சிப்பாயின் சோற்று மூட்டையை விவரித்ததில்லை. படைக்கலங்களைக் காட்சிசாலையில் வைத்துப் போற்றுகிறோம். உணவுத் தகரத்தையோ உண்டதும் எறிந்துவிடுகிறோம். ஆயினும் பழைய படையுணவுகளைத் தேடிச் சேர்த்து ஆராய்வோர் உலகில் பலர் உளர். அவர்தம் பணி வீண் பொழுதுபோக்கன்று என்பதற்குப் பெங்களூர் – மைசூர் வழியே சான்று.

1791ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் இரவு காரன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. மே மாதத்தில் அப்படை திப்பு சுல்தானின் தலைநகராகிய சீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்தது. வழியில் தானியமும் தீவனமும் கிட்டாதபடி திப்புவின் ஆட்கள் முன்னரே அழித்திருந்தனர். மே 15ஆம் நாள் அரகெரெப் போரில் காரன்வாலிஸ் வென்றார். பசியை வெல்ல இயலவில்லை. பொதிமாடுகள் மடிந்தன; அரிசி அருகியது; நோய் பரவியது. இழுக்க மாடின்றிப் பெரும் பீரங்கிகளைத் தாமே தகர்த்துவிட்டு, கோட்டையைக் கண்ணெதிரே கண்டும் முற்றுகையிடாமல் அவர் பெங்களூருக்குத் திரும்பினார்.

பின்னர் அவர் உணவு வழங்கலைச் சீர்செய்தார். மாட்டுப் பொதிகளில் தானியம் சுமந்து திரிந்த பிரிஞ்சாரி வணிகர் அதற்குத் துணையாயினர். 1792 பிப்ரவரியில் அதே கோட்டையை மீண்டும் தாக்கியபோது வெற்றி கிட்டியது. மார்ச் மாத உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். தளபதியும் அவரே, கோட்டையும் அதுவே. நட்புப் படைகளின் துணை ஒருபுறமிருக்க, இரு முயற்சிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடுகளுள் சோறு தலையாயது எனலாம்.

உணவைக் கெடாமல் காக்கும் வழியை ஐரோப்பா தேடியதும் போரின் பொருட்டே. பிரெஞ்சு நாட்டு நிக்கொலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் கலங்களில் அடைத்துச் சூடாக்கும் முறைக்காக 1810இல் பரிசு பெற்றார். அவ்வாண்டே தகரக் கலத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டது.

நம் நாட்டிலோ, சீரங்கப்பட்டணத்துக்குச் சில கல் தொலைவிலுள்ள மைசூரில் 1961இல் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. உப்புமாவையும் புலவையும் உலோகத்தாள் பதித்த பைகளில் அடைத்து, ஏறத்தாழ 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பதப்படுத்தினால் அவை பல மாதம் கெடாமல் இருக்கும். 1984இல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்கு இந்நிலையமே இந்திய உணவு ஆக்கித் தந்தது.

பழைய தகரத்தை ஆராய்வோர் முதலில் மூடியை நோக்குவர். அது உப்பியிருப்பின் உள்ளே கிருமிகள் வாயுவை உண்டாக்கியிருத்தல் கூடும். திறவாமல் விலக்குவதே முறை. தோற்றத்தில் நல்லதாயினும் நஞ்சு இருக்கலாம். ஆதலின் சுவைத்தல் ஆகாது. ஆராயத்தக்கவை ஆண்டு, எடை, உள்ளீடு ஆகியனவே. அரிசியா கோதுமையா, மரக்கறியா இறைச்சியா என்ற குறிப்பிலிருந்து, சிப்பாயின் பழக்கத்தையும் நம்பிக்கையையும் அரசு எவ்வளவு மதித்தது என்பது புலனாகும்.

படைப்பணி முடித்துத் திரும்பியோரின் இல்லங்கள் நம் ஊர்களில் பல. பரணில் துருப்பிடித்த தகரம் ஒன்று கிடைத்தால், அதை எறியுமுன் அதன்மேல் உள்ள எழுத்துகளைப் படித்துக் குறித்து வைப்போமாக. எந்தப் போர்க்குறிப்பிலும் எழுதப்படாத சிப்பாயின் பசி அங்கே பதிவாகியிருக்கக்கூடும்.