தோளில் உதிரும் வெள்ளைத் துகள்: வறட்சியா, பொடுகா?

கறுப்புச் சட்டை போட்டால் தோளெல்லாம் வெள்ளைத் துகள். வீட்டில் சொன்னால், "தலை காஞ்சு போச்சு, எண்ணெய் வை" என்பார்கள். வைக்கிறோம், ஆனால் அரிப்பு குறைந்தபாடில்லை. செபராங் ஜெயா போல ஆண்டு முழுக்கப் புழுக்கமாக இருக்கும் ஊரில், உதிர்வதெல்லாம் வறட்சி அல்ல. பலருக்கு அது பொடுகு. இரண்டுக்கும் கவனிப்பு வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வறட்சி என்றால் துகள் சின்னதாக, உலர்ந்து, மாவு மாதிரி உதிரும். தலைத்தோல் இறுக்கமாக இருக்கும். கை கால் தோலும் காய்ந்திருக்கலாம்.

பொடுகு என்றால் துகள் பெரிதாக, சற்று மஞ்சளாக, பிசுக்குடன் ஒட்டியிருக்கும். புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னாலும் செதில் வரலாம்.

எண்ணெய் வைத்தால் என்ன ஆகும்?

மலாசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் உண்டு. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பும் செதிலும் அப்படித்தான் வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள்.

அதற்காகப் பாட்டி சொன்னது தப்பு என்று அர்த்தமில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கும் என்று 2003-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. பொடுகு இருந்தால் முடி நுனிக்கு மட்டும் தடவுங்கள், தலைத்தோலில் ஊறவிடாதீர்கள்.

வறட்சிக்கு என்ன செய்யலாம்?

நாள் முழுக்க ஏர்கோன் அறையில் இருப்பது, கொதிக்கும் சுடுநீர், தினமும் கடுமையான ஷாம்பு ஆகியவை தோலை உலர்த்தும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான ஷாம்புவும் போதும். குளிப்பதற்கு முன் கொஞ்சம் எண்ணெய் வைத்து அலசலாம்.

பொடுகுக்கு?

மருந்தகத்தில் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு கேளுங்கள். வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். நுரையைத் தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் விட்டு அலசுங்கள். போட்டவுடனே கழுவினால் மருந்து வேலை செய்ய நேரம் இருக்காது. பொடுகு திரும்ப வரும் தன்மை கொண்டது. அடங்கிய பிறகும் 1 அல்லது 2 வாரத்துக்கு ஒருமுறை போடலாம். ஆன்லைனில் வாங்கினால் எம்ஏஎல் எனத் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

4 வாரத்தில் குறையாவிட்டால் போய்க் காட்டுங்கள். தடித்த வெள்ளிச் செதில் சோரியாசிஸாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு வட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சீழ், வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

பொடுகு அழுக்கினால் வருவதல்ல, தொற்றுவதும் இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை.