மின்நீர்ப்பம்பி: இயங்காமை

மாத்தளை மாவட்டத்து நாவுல போன்ற பிரதேசங்களில் கிணற்று நீரை இறைக்கும் மின்பம்பி, ஆளியை இட்டபின்னும் சுழலாதிருக்குமாயின், பரிசோதனைக்கு முன்னரே பிரதான ஆளியை நிறுத்தி, பிறர் அதனை மீண்டும் இடாவண்ணம் காத்தல் அத்தியாவசியம். சத்தமே எழாவிடின் உருகியிலோ, மிதவை ஆளியிலோ, கம்பி இணைப்பிலோ மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். ரீங்காரம் மட்டும் எழுந்து தண்டு அசையாவிடின், ஒற்றைக்கட்ட மோட்டரின் கொள்ளளவி பழுதுற்றதென்றோ, மணலாலும் துருவாலும் சுழலி இறுகிற்றென்றோ, 230 வோல்ட் இருக்கவேண்டிய அழுத்தம் வெகுவாக வீழ்ந்ததென்றோ அனுமானிக்கலாம். அந்நிலையில் மின்சாரத்தை உடனே நிறுத்தாவிடின் சுருள் எரிந்துபோம். கொள்ளளவியோ, மின்சாரம் நின்ற பின்னரும் மின்னேற்றத்தைத் தன்னுள் தாங்கி நிற்பதாதலின், தகுந்த தடையி வழியாக அதனை இறக்காமல் தொடுதல் பிராணாபத்து. ட்ரிப் சுவிட்ச் மீண்டும் மீண்டும் விழுவது மின்கசிவின் அறிகுறியாகலாம். அந்தச் சுவிட்சைத் தவிர்த்து நேரிணைப்புக் கொடுப்பது மிகக் கொடிய வழக்கம், ஈரத்தரையில் நிற்பவர் உடலே அக்கசிவுக்குப் பாதையாகிவிடும்.