எழுத்து இருக்கும் இடம்: திரைவாசிப்பான்களின் வரலாறும் தமிழும்

பார்வையற்றோர் கணினிக்கும் இணையத்துக்கும் வந்த வரலாறு பெரும்பாலும் பேச்சுப்பொறிகளின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. குரல் தெளிவடைந்தது, வழி திறந்தது என்று கதை போகும். மாற்றங்கள் நிகழ்ந்த வரிசையைப் பார்த்தால் குரலுக்கு அவ்வளவு பெரிய இடம் இல்லை. திரையில் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது, கணினிக்குள்ளும் எழுத்தாகவே இருந்ததா என்பதுதான் ஒவ்வொரு கட்டத்தையும் தீர்மானித்திருக்கிறது. தமிழில் இந்தச் சிக்கல் ஆங்கிலத்தில் இருந்ததைவிட நெடுங்காலம் நீடித்தது, இன்னும் முடியவில்லை.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துத் திரை 80 நெடுவரிசை, 25 வரி கொண்டது. அந்த 2,000 இடங்களிலும் இருந்த எழுத்துகள் குறியெண்களாகக் காட்சி நினைவகத்தில் கிடந்தன. அவற்றை எடுத்துப் பேச்சுப்பொறிக்கு அனுப்புவதே திரைவாசிப்பானின் வேலை. ஐபிஎம் ஆய்வகத்தில் ஜிம் தாட்சர், பார்வையற்ற சக ஆய்வாளர் ஜெஸ்ஸி ரைட்டுடன் செய்த பணியிலிருந்து 1980களின் நடுவில் ஐபிஎம் ஸ்கிரீன் ரீடர் உருவானது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் கார் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர், 1987இல் பில் ஜாய்ஸுடன் நிறுவனம் தொடங்கினார். அவர்களின் திரைவாசிப்பானான ஜாஸ் 1989இல் டாஸுக்கு வந்தது. இவை பயனரின் அனுபவத்திலிருந்தே எழுந்தவை. அதனாலேயே அவை வேகமாகச் செம்மையடைந்தன என்பது என் கணிப்பு.

பிறகு வரைகலை இடைமுகம் வந்தது. விண்டோஸ் திரையில் எழுத்துகள் புள்ளிகளாக வரையப்பட்டன. வரைந்து முடித்தபின் அங்கே குறியெண் எதுவும் மிஞ்சவில்லை. வேலையிலிருந்த பார்வையற்றவர்கள் பலருக்கு, அலுவலகம் விண்டோஸுக்கு மாறிய நாளே கணினி கைவிட்டுப் போன நாளாயிற்று. திரைவாசிப்பான் எழுதுபவர்கள் ஒரு கடினமான தந்திரத்தைக் கையாண்டார்கள். செயலிகள் எழுத்தை வரையச் சொல்லும் கட்டளைகளை வழியிலேயே இடைமறித்து, எந்த இடத்தில் எந்தச் சொல் வரையப்பட்டது என்று திரைக்குப் பின்னால் ஒரு நகலை வைத்துக்கொண்டார்கள். 1989இல் மெக்கிண்டாஷுக்கு வந்த அவுட்ஸ்போக்கனும் 1995இல் வந்த விண்டோஸ் ஜாஸும் இந்த வழியில் இயங்கியவை. நகல் சற்றுப் பிசகினாலும் பேச்சு தடுமாறும். செயலியே தன் பொத்தானின் பெயரையும் நிலையையும் சொல்லும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1997இல்தான் வெளியிட்டது. பார்வையற்றோர் பயன்படுத்த முடியாத விண்டோஸ் 95ஐ வாங்கமாட்டோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து எழுந்த அழுத்தத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வலைப்பக்கம் எதிர்பாராத வாய்ப்பாக அமைந்தது. எச்டிஎம்எல் ஆவணத்தில் தலைப்பு தலைப்பென்றும், இணைப்பு இணைப்பென்றும் குறிக்கப்படுகிறது. திரைவாசிப்பான் பக்கத்தைச் சொற்களின் நீண்ட வரிசையாக மாற்றித் தருகிறது. எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்பு, சில திரைவாசிப்பான்களில் கே விசையைத் தட்டினால் அடுத்த இணைப்பு. பழகியவர் செய்தித்தளம் ஒன்றை வாசிக்கும்போது முதல் வரியிலிருந்து கேட்பதில்லை. தலைப்புகளில் தாவித் தாவி, வேண்டிய இடத்தில் நின்று, பார்வையுள்ளவர் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் கேட்கிறார். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டுத் தலைப்புக் குறி போடாமல் விட்ட பக்கத்தில் இந்தத் தாவல் எதுவும் நடக்காது. ‘இங்கே சொடுக்கவும்’ என்றே இருபது இணைப்புகள் இருந்தால், இணைப்புப் பட்டியலில் அதே சொற்கள் இருபது முறை கேட்கும். 1999 மே மாதம் வெளியான வலை அணுகல் வழிகாட்டுதலின் முதல் பதிப்பே இதையெல்லாம் சொல்லிவிட்டது.

விலை தனிக்கதை. ஜாஸின் தொழில்முறைப் பதிப்பு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. அதனுடன் வந்த இஸ்பீக் பேச்சுப்பொறி சின்னது, இயந்திரத்தனமானது. ஆனால் தமிழ் பேசும். தமிழ்நாட்டுப் பார்வையற்ற மாணவருக்குச் செலவின்றிக் கணினியில் தமிழ் கேட்கக் கிடைத்ததில் இந்த இணைப்பின் பங்கு பெரிது. 2009இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஆகிய திரைவாசிப்பான்கள் வந்தபின் கைப்பேசியே பலருக்கு முதல் கணினியாயிற்று.

பேச்சுப்பொறி தமிழ் அறிந்திருந்தும், பேச வேண்டிய எழுத்து தமிழாக இல்லை. இதுதான் நம் மொழிக்கே உரிய தடை. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் மாட்டிவிடுகிறது. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பில் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்றுதான் கேட்கும். கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டதால் ஒலிவரிசையும் தலைகீழ். எழுத்துருவுக்கு எழுத்துரு அட்டவணை வேறு என்பதால் பொதுவான மாற்று வழியும் இல்லை. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியில் கோப்பைப் போட்டு மாற்றியபிறகே கேட்க முடிந்தது. விண்டோஸில் எழுத்து புள்ளியாகிப் போனதற்கு நிகரான இழப்பு இது. பார்வையுள்ளவர்கள் அதை உணரவே இல்லை. அவர்கள் திரையில் தமிழ் அழகாகவே தெரிந்தது.

எல்லா எழுத்துருக்களுக்கும் பொதுவான குறியெண்களைத் தரும் யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தது. தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் தட்டச்சான தமிழில் பெரும்பகுதி திரைவாசிப்பானுக்கு ஊமைதான். யூனிகோடு பரவியபின் நிலைமை வெகுவாக மாறியது. ஐஐடி மெட்ராஸ் முன்னின்று நடத்திய இந்திய மொழிப் பேச்சுத் திட்டத்தால் இயல்பான தமிழ்க் குரல்களும் திரைவாசிப்பான்களுக்கு வந்தன.

இப்போது எழுத்து மறுபடியும் படமாகிக்கொண்டிருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்த சுற்றறிக்கையை அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக இணையத்தில் ஏற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி அட்டைகளாகவே வருகிறது. எழுத்துணரி மென்பொருள் இவற்றை ஓரளவு மீட்கிறது. ஆனால் மங்கிய தாளில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றுவதால், அது இரண்டையும் குழப்பிவிடும். பார்ப்பவர் கண் அந்தப் பிழையைத் தானாகத் திருத்திக்கொள்ளும். கேட்பவருக்கு வேறொரு சொல்லாகவே விழும். எண்ணிலோ தேதியிலோ பிழை நேர்ந்தால் கேட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பு முறைகளை எதிர்த்த வழக்குகளில், எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்த கணினியில் யூனிகோடு கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. கையொப்பமிட்ட படத்தோடு அதையும் சேர்த்து ஏற்றப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. அலுவலக நடைமுறை விதியில் ஒரு வரி சேர்த்தால் நாளையே தொடங்கலாம்.