கண்ணாடியும் பல்லும்

பென்னாகரம் பக்கத்து டீக்கடையில் சற்று நின்றால், பழுப்புக் கோடு விழுந்த பற்கள் கண்ணில் படும். நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடின் வேலை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. பல் உருவாகும் வயதில் உள்ளே போனதோ வெளியே வரவில்லை. பல்லின் பொருள் அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட். ஃபுளோரைடு அதன் மேல் ஒட்டுவதில்லை. படிகக் கூட்டுக்குள்ளேயே இடம் பிடித்துக்கொள்கிறது.

அணுக்கழிவை அடக்குவோர் தேடும் வித்தையும் இதுதான். தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆலைகள் நம்புவது, கழிவைக் கலந்து உருக்கி வார்க்கும் கண்ணாடியை. ஆய்வகங்கள் சில அபடைட்டைச் சோதிக்கின்றன.

கண்ணாடி ஒரு சத்திரம். யார் வந்தாலும் படுக்க இடம் உண்டு. அபடைட் சம்பந்தி வீடு. முறை பார்த்துத்தான் உள்ளே விடும். ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் பங்காளி, உடனே அனுமதி. (ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் போய்த் தங்குவதும் இதனால்தான், எலும்பும் அபடைட்டே.) சீசியத்துக்கு உருவம் பெரிது, அங்கே இடம் கிடைப்பது கடினம். சத்திரத்திலும் சச்சரவு உண்டு. டிராம்பே கழிவின் சல்பேட், வழக்கமான போரோசிலிகேட் கண்ணாடியில் கரையாமல் பிரிந்து நிற்கும்; பேரியம் சேர்த்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அயோடினோ உருக்கும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். அயோடின்-129இன் அரைவாழ்வு 1.57 கோடி ஆண்டுகள். அதற்கென ஈயமும் வனேடியமும் கொண்ட அபடைட் வகை ஒன்றை ஆராய்கிறார்கள். அதில் அயோடின் அமர்வது, பல்லில் ஃபுளோரைடு அமர்ந்த அதே நாற்காலியில்!

கண்ணாடியும் படிகமும் இடம் மாறிக்கொள்வதுண்டு என்பது இன்னும் விந்தை. கண்ணாடி மிக மெதுவாக ஆறினால் படிகமாகத் திரிகிறது. சிர்கான் போன்ற படிகம் கதிரியக்கத்தில் அடிபட்டு, கண்ணாடி போல ஒழுங்கு குலைகிறது. அபடைட்டோ தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். நெடுங்காலம் கிடந்தால், நூறு டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே அணுப்பிளவின் தடங்கள் மறையத் தொடங்கும். அதன் நெடுவாழ்வுக்கு ஒகேனக்கல் கார்பனடைட் பாறை சாட்சி: வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள், உள்ளே அபடைட். பூமியில் கண்ணாடிக்கு இவ்வளவு பழைய சாட்சி அரிது. ஆனால் ஆலையில் பல்லாண்டு உருக்கி வார்த்த அனுபவம் அதற்குண்டு, அபடைட்டுக்கு இல்லை. இன்று நான் பொறியாளராக இருந்தால் கண்ணாடியைத்தான் வார்ப்பேன்.

தமிழகத்து அகழாய்வுக் குழிகளில் கண்ணாடி மணியும் கிடைக்கிறது, மனிதப் பல்லும் கிடைக்கிறது. எலும்பு கரைந்துபோன தாழியிலும் சில சமயம் பல் மட்டும் மிஞ்சியிருக்கும்.