தோட்டப்புறத் தாதியரும் அன்றாட மருந்துகளும்

நுவரெலியா மாவட்டத்தின் உடப்புசல்லாவை, ராகலை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் தாதியர் கொடுப்பது நாடெங்கும் புழங்கும் அதே மருந்துகளைத்தான். ஆனால் சரிவில் நின்று பார்க்கும் வேலை, நேரம் தவறும் சாப்பாடு, வேளைக்கு வேளை தேத்தண்ணி ஆகிய மூன்றும் அவற்றின் பலனைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை இதற்கு நல்ல உதாரணம். தேயிலையிலுள்ள பாலிபீனால்கள் இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சோறு, பாண் ஆகியவற்றிலுள்ள இரும்பும் தேநீரால் வீணாவதை 1975இல் 'கட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணி கூடாது. கல்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். மலம் கறுக்கும், மலச்சிக்கலும் வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு.

காய்ச்சல், மேல்வலி எதற்கும் லயத்தில் முதலில் தேடுவது பனடோல். அதிலுள்ள பரசிட்டமோல் வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் இதுவே கலந்திருப்பதால், வீட்டில் வேறென்ன குடித்தார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும். முதல் நாளில் வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

ஒவ்வாமைக்குக் கொடுக்கும் பிரிட்டோன் மாத்திரை தூக்கம் வரவைக்கும். அதைக் குடித்துவிட்டு மலைக்குப் போவது ஆபத்து.

நீரிழிவுக்கான மெட்போர்மினைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக் குழப்பம் குறையும். இன்சுலினோ கிளிக்ளசைட்டோ எடுப்பவர் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனால் சீனி இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றமான பேச்சு அதன் அறிகுறிகள். வேலைக் களைப்பென்று நினைக்காமல், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, பிறகு சாப்பிட வைக்க வேண்டும்.

கொழுந்து மலைகளில் குளவிக்கொட்டு அடிக்கடி நடப்பது. கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத்திணறலோ, தொண்டை வீக்கமோ, இரத்த அழுத்த வீழ்ச்சியோ இருந்தால் முதல் மருந்து அட்ரினலின். ஆயிரத்துக்கு ஒன்று செறிவில் 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் போடப்படும். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடலாம். நெஞ்சு படபடப்பும் நடுக்கமும் அதன் எதிர்பார்க்கும் விளைவுகள். பிரிட்டோனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் அட்ரினலினுக்கு ஈடாகா. ஒவ்வாமை இல்லாவிட்டாலும், நிறையக் கொட்டு வாங்கியவரின் தசை சிதைந்து சிறுநீரகம் கெடக்கூடும். ஆகவே சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கவனிப்பது அவசியம். பெரியாஸ்பத்திரிக்கு மாற்ற 1990 சுவசெரிய அம்புலன்சை இலவசமாக அழைக்கலாம். ஊசி போட்ட நேரம், அளவு, அப்போதைய நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை எழுதிய துண்டு நோயாளியோடு போக வேண்டும்.